மூன்றாம் ஷிப்டில் ஒரு கதவு

ஜூன் 11, செவ்வாய்

இதை ஒரு நிரல் கோப்பின் அடியில் எழுதுகிறேன். மேலே நான் வேலைக்காக எழுதுகிற பள்ளிக்கூட வருகைப்பதிவுச் செயலியின் நிரல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். என் வீட்டுக்காரர் லோகநாதனும் படிக்க மாட்டார். இந்த எழுத்துகளைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி.

முன்பு நான் வைத்திருந்த டைரியைக் கண்டுபிடித்து, தன் அக்கா வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டைரி வாங்கவில்லை.

இன்று எழுத உட்கார வைத்தவர் எபனேசர். எத்தனையோ வருடம் கழித்துக் கூப்பிட்டார். கணினி விளையாட்டு செய்கிற அவருடைய சின்ன ஸ்டூடியோவில்தான் கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலை பார்த்தேன்.

"சுகுணா, மொதல்ல எங்கயாவது உக்காருங்க. நம்ம கேம் ஓடுது."

"எந்த கேம்?"

"என்னமோ நாம பத்து கேம் பண்ணுன மாதிரி கேக்குறீங்களே. 'மூன்றாம் ஷிப்ட்'தாங்க!"

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரிலிருந்து தேவானி என்று ஒரு பெண், தான் விளையாடுவதைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறாளாம். நம் கேமைப் போட்டிருக்கிறாள். லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்களாம். எபனேசருக்குத் தலைகால் புரியவில்லை. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன். கையிலிருந்த காப்பி பாதி கீழே சிந்தியிருந்தது. சந்தோஷத்தில்தான்.

ஜூன் 12, புதன்

ஸ்டூடியோ பீளமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது. மூடிப்போன பஞ்சாலையில் இரவுக் காவலுக்குப் போகிற ஒருவன், அதுதான் விளையாட்டு. ஆட்டக்காரர்தான் அந்தக் காவல்காரன். கையில் ஒரு லாந்தர். ஆலையைச் சுற்றி வர வேண்டும். பேய் என்று ஒன்று கடைசிவரை கண்ணில் படாது, சத்தம் மட்டும்தான். எபனேசர் இதை விளக்கும்போது எங்களுக்கே முதுகு சில்லிடும்.

பணம் போட்ட பெங்களூர்க்காரர்களுக்குச் சில்லிடவில்லை. பேயைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். அது ஆடினால் நன்றாயிருக்கும் என்றார்கள். பிறகு, இதையே மொபைலில் குழந்தைகள் ஆடுகிற மாதிரி பண்ண முடியுமா என்று கேட்டார்கள். படம் வரைகிற பையன் ஐதராபாத்துக்கு ஓடிப்போனான். கடைசியில் அவர்களே கைகழுவிவிட்டார்கள். சென்னையிலிருந்து குரல் கொடுக்க வரவேண்டிய அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போடக்கூட வழியில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நிஜமான சத்தம் வரும்வரை கையில் அகப்பட்டதைப் போட்டு வைப்போம். அதற்கு 'டெம்ப்' என்று பெயர். பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். ஆலைச் சங்குக்கு எபனேசர் வீட்டுக் குக்கர் விசிலை மெதுவாக ஓட்டிப் போட்டோம். பேயின் மூச்சு எபனேசருடைய குறட்டை. எதையும் மாற்ற நேரமில்லாமல், தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படியே வெளியிட்டோம். நூற்புப் பிரிவுக்குள் போனால் காவல்காரன் சுவரில் சிக்கிக்கொள்வான். வாங்கின நாலு பேரும் திட்டினார்கள். ஸ்டூடியோவை மூடிவிட்டோம்.

இப்போது அந்தக் குக்கர் விசிலை 'அபாரமான ஒலி வடிவமைப்பு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிப்பு வந்தது.

ஜூன் 14, வெள்ளி

லோகு பம்ப்செட் கடைக்குக் கிளம்பிய பிறகு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேவானியின் வீடியோவைப் பார்த்தேன். துறுதுறுவென்ற பெண். சங்கு ஊதினதும் நாற்காலியோடு பின்னால் போய் விழுந்தாள்.

அப்புறம் அந்தக் கதவு வந்தது.

தொழிலாளர் குடியிருப்பில், நடையின் கோடியில் ஒரு பச்சைக் கதவு. கிட்டே போனால் உள்ளேயிருந்து ஒரு பெண் கெஞ்சுவாள். "ஏனுங்க, கதவத் தெறந்துடுங்க. இனிமே போகமாட்டேனுங்க." கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். கதவு திறக்காது. திறப்பதற்கான நிரலை நான் எழுதவே இல்லை. உள்ளே அறையும் கிடையாது, வெறும் இருட்டுதான்.

தேவானி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இது நடிப்பு இல்ல லா," என்றாள் அவள் ஊர்ப் பேச்சில். "யாராச்சும் கேட்டுப் பாருங்க. சத்தியமா இது நடிப்பு இல்ல."

நடிப்புதான். குரல் கொடுக்க ஆள் இல்லாததால் நான்தான் நடித்துக் கொடுத்தேன். காலேஜில் நாடகத்தில் எல்லாம் நடித்திருக்கிறேன்.

ஜூன் 15, சனி

சிலிண்டர் வந்தது. மிருதுவுக்குப் பள்ளி ஷூ வாங்க வேண்டும், பழையது கடிக்கிறதாம்.

ஜூன் 18, செவ்வாய்

ரசிகர்கள் தங்களை ஷிப்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பனியன் அடித்திருக்கிறார்கள். சுவரில் சிக்கிக்கொள்கிற பிழைக்குக்கூட ஒரு தத்துவம் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் அந்தக் கதவைத் திறக்க ராப்பகலாக முயன்றுகொண்டிருக்கிறது. ஏதோ ஒரு ரகசிய வழி இருந்தே தீரும் என்கிறார்கள்.

திறக்க முடியாது என்று தெரிந்தவர்கள் வேறொன்று செய்கிறார்கள். லாந்தரைக் கதவின் முன்னால் வைத்துவிட்டு, விளையாட்டில் விடியும்வரை காவல்காரனை அங்கேயே உட்கார வைக்கிறார்கள். ஆலையைச் சுற்றாவிட்டால் வேலை போய்விடும், ஆட்டம் முடிந்துவிடும். தெரிந்தேதான் தோற்கிறார்கள். அந்தப் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கதவு, லாந்தர், கதவு, லாந்தர்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இத்தனை பேர் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் கணினியை மூடிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்று போன உயிர் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மிருது ஆறாவது போனதிலிருந்து பேச்சுக்குக் குறைவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, எங்க கிளாஸ்ல எல்லாரும் அந்த மில்லு கேம்தான் பாக்கறாங்க. அதுல கதவுக்குள்ள ஒரு பொம்பள அழுவா பாரு, உன்னாட்டமே பேசறாம்மா," என்றாள்.

லோகு நிமிர்ந்தார். "எந்தப் பொம்பள?"

"ஏதோ யூடியூபுல வர்றதுங்க," என்றேன். "கண்ணு, சட்னி போடட்டுமா?"

"உங்கம்மாளாட்டம் இன்னொருத்தி வேறயா? ஒருத்தியவே சமாளிக்க முடீல!" என்று சொல்லிச் சிரித்தார். மிருதுவும் சிரித்தாள். நான் சட்னிக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தபோது அது கடகடவென்று சத்தம் போட்டது. அவர் என் கையைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்தார். அவர் தட்டைக் கழுவினால் எனக்குப் பயம்.

நல்ல மனுஷர்தான். பீடி சிகரெட் கிடையாது. கோபம் வந்தால் மட்டும்தான் வேறு ஆள்.

ஜூன் 24, திங்கள்

யாரோ ஒரு புண்ணியவான் ஒலியைச் சுத்தம் செய்து போட்டுவிட்டான். பெண் குரலைக் குறைத்து, பின்னால் அமுங்கிக் கிடந்ததை எல்லாம் மேலே கொண்டுவந்திருக்கிறான்.

ஒரு ஆணின் குரல். "அழு. நல்லா அழு. எவன் வர்றான்னு நானும் பாக்கறேன்." அப்புறம் ஒரு குழந்தை. "அம்மா, வெளிய வா. அம்மா, வெளிய வாம்மா."

அதைப் போட்டவன் பேய்க் குழந்தை என்கிறான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

சரி, இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். அது நடிப்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடியாமல் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினேன். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். தலை வாரப் படுக்கையறைக்குள் போனதும் லோகு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பொழுது சாய்கிறவரை திறக்கவில்லை. மிருதுவுக்கு அப்போது நாலு வயசு. கைபேசி என்னிடம் இருந்தது. அதில் பதிவு செய்து திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் கூப்பிட்டான். "கேட்டேன் கண்ணு. மாப்ள கோவக்காரருன்னு தெரிஞ்சதுதான? கொளந்தயப் பாத்துக்க," என்றான்.

மறுநாள் ஸ்டூடியோவில் எபனேசர் அந்தக் கதவுக்கு ஏதாவது ஒரு சத்தம் போடச் சொன்னார், ஏற்ற இறக்கம் சரியாக வருகிறதா என்று பார்க்க. என் கைபேசியில் இருந்ததைப் போட்டேன். டெம்ப்தான், மாற்றிவிடலாம் என்றுதான். வேறு சத்தமே கிடைக்காமலா போயிருக்கும்? கேட்டவன் ஒருத்தன் ஃபோனை வைத்துவிட்டான், இன்னும் ஒருத்தர் கேட்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

இப்போது ஊரே கேட்கிறது. அந்த ஆண் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் என்னைக் கொன்றே போடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எபனேசரைக் கூப்பிட்டேன். ஒரு கம்பெனி இதைப் புதுப்பித்து வெளியிடக் கேட்கிறதாம், மனுஷன் காற்றில் மிதந்துகொண்டிருந்தார். கதவுக் குரலை எடுத்துவிடச் சொன்னேன்.

"அதையா? சுகுணா, அதுதாங்க கேமே!"

"டெம்ப்தானே அது. தரம் சரியில்ல. வேற ஆள வெச்சு எடுத்துக்கலாம்."

பிறகு வேறு குரலில் கேட்டார். "அந்தத் திங்கக்கிழமை உங்க வெரல்ல கட்டு போட்டிருந்தீங்க. கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க."

"கதவு இடுக்குலதான் மாட்டுச்சு."

"நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்," என்றார். "நல்லா நடிச்சிருக்கீங்கன்னு கைதட்டுனேன்."

எடுத்துவிடுகிறேன் என்றார். ஆனால் பழைய பிரதி ஊரெல்லாம் கிடக்கிறது, அதைத் திரும்ப வாங்க முடியாது என்றும் சொன்னார். "எங்க வீட்டுக்கு வந்துருங்க. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. ஜெசிந்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்." ஜெசிந்தா அவர் மனைவி. அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றேன்.

ஜூன் 27, வியாழன்

அது பேய் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பதிவின் பின்னால் கோயில் ஒலிபெருக்கியில் யாரோ கூழ் ஊற்றும் அறிவிப்புச் சொல்கிறார்கள். ஒருவன் எழுதுகிறான்: 'இந்த ஆள் பேச்சு அசல் கோயமுத்தூர்.' அடுத்தவன்: 'இவனைக் கண்டுபிடிக்கணும்.' அதற்குக் கீழே முஷ்டியை மடக்கிக் காட்டுகிற சின்னப் பொம்மைப் படங்கள் நூறு. எல்லாரும் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். கண்டுபிடித்து எங்கள் வாசலில் வந்து நின்று கத்திவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கப் போவது நானும் மிருதுவும்தான்.

யாரும் தேட வேண்டாம் என்று தேவானி கெஞ்சி ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். ஸ்டூடியோவின் பழைய மின்னஞ்சலுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறாள். எபனேசர் அதை எனக்கு அனுப்பினார். 'அந்த அக்கா நல்லா இருக்காங்களா? அது மட்டும் சொன்னா போதும்.'

பதில் எழுத உட்கார்ந்தேன். மூடிவிட்டு அரிசி கழுவப் போனேன்.

ஜூன் 29, சனி

துணி மடித்தேன். அயர்ன்காரரிடம் அவருடைய நாலு சட்டையைக் கொடுத்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டாலெல்லாம் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

நடந்துவிட்டது.

நான் அடுக்களையில் கோழிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். முன்னறையில் லோகு மிருதுவிடம் பேசுவது கேட்டது. "ஏ கண்ணு, என்னமோ கேமு, உங்கம்மாளாட்டம் பேசறாங்கன்னு சொன்னியே. பெரிய டிவில போடு, பாக்கலாம்." கடையில் எவனோ அதைப்பற்றியும், அது எங்கள் பழைய ஸ்டூடியோ செய்தது என்றும் பேசியிருக்கிறான்.

ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தலாமா என்று தோன்றியது. அதற்குள் என் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ஏனுங்க, கதவத் தெறந்துடுங்க."

முன்னறை வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டீப்பாய் மேல் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மிருது தரையில். அந்தச் சுத்தம் செய்த ஒலிதான் ஓடியது. என் அழுகை அடங்கி, அவருடைய குரல் மேலே வந்தது. "அழு. நல்லா அழு. எவன் வர்றான்னு நானும் பாக்கறேன்." அச்சு அசல். நேற்றுச் சொன்னது போல.

அவர் காலைக் கீழே இறக்கினார். முன்னால் குனிந்து கேட்டார். குழந்தை அழுதது. கதவுப் பக்கம் எத்தனை அடி, மிருதுவை எந்தக் கையால் இழுப்பது என்று மட்டும் மனசு ஓடியது.

"அடப்பாவி," என்றார் லோகு. "பெத்த புள்ளய வெச்சுக்கிட்டு இப்பிடிப் பண்ணுவானா ஒருத்தன்? இவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வெச்சு செருப்பால அடிக்கோணும்."

அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏ சுகுணா, இது நீ வேல செஞ்ச கேமாமா? பரவால்ல, நல்லாத்தான் எடுத்திருக்கறீங்க. கொளம்பு ஆச்சா?"

"கொதிக்குதுங்க," என்றேன்.

அவர் நடிக்கும்போது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். உதடு ஓரம் லேசாகத் துடிக்கும். இன்றைக்குத் துடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது, அந்தக் குழந்தைக்காக.

மிருது டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 1, திங்கள்

தப்பித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் இந்த அளவு நான் பயந்ததில்லை.

தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருக்கிறார், வயசானால் ஒருநாள் வெளியே வரும், தப்பு செஞ்சுட்டேன் என்று சொல்லாவிட்டாலும் தலையாவது குனிவார் என்று காத்திருந்தேன். அந்த மூலையே இல்லை. தன் குரல் காதில் விழுந்தும் அது எவனோ ஒரு பாவி என்று நினைக்கிறவர், நாளைக்கும் தாழ்ப்பாள் போடுவார். போட்டுவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். இன்னொரு தடவை டிவியில் பார்த்தாலும் இதே போல் கண் கலங்குவார்.

எபனேசருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, லோகு கண்ணில் படாதபடி அழித்தேன். மாடி அறை இன்னும் காலியாக இருக்கிறதா என்று.

ஜூலை 2, செவ்வாய்

எபனேசர் வீட்டு மாடியிலிருந்து எழுதுகிறேன். வந்துவிட்டோம். ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை, இட்லி வைத்துக்கொடுத்தார். என் கைபேசி காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உடம்பு தூக்கிப் போடுகிறது. பயம் போகவில்லை. நாளைக்கு வக்கீல் ஒருத்தரைப் பார்க்க வேண்டும், மிருதுவின் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும், அவர் இங்கே வந்து நின்றால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

காலையில் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. லோகு கடைக்குப் போயிருந்தார். நான் மிருதுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடித்து ரிப்பன் கட்டியிருந்தேன். அவள் முன்னால் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, அதுல அழுகற பாப்பா நாந்தான?"

"யாரு கண்ணு சொன்னா?"

"யாரும் சொல்லல."

நாலு வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது என்று நான் ஏழு வருடமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒன்றில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். சீப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா சோறு திங்க உள்ள போனாங்கல்ல, அப்ப நான் வந்தேம்மா," என்றாள். "முக்காலி போட்டுக்கூடப் பாத்தேன். எக்கி எக்கிப் பாத்தேன். எனக்குத் தாழ்ப்பா எட்டல. அதான் உன்னைய வெளிய விட முடீல. நீ கோவிச்சுக்கிட்டயாம்மா?"

மறுபக்கத்தைப் பின்னாமலே அவளை ஸ்கூட்டரில் ஏற்றினேன்.